ஏழாம் கிணற்றின் அளவு

சங்கரன்கோவில்
10.2.2025

அன்புள்ள ஜுவைரியா,

சுகமா? பெங்களூருக்கு ஆராய்ச்சி செய்யப் போனதும் பழைய லேப் கூட்டாளியை மறந்துவிட்டாய். ஒரு மாதமாக ஒரு வரிகூட இல்லை.

கணினியில் அறிக்கையை அச்சுக்கு அமைக்க நீ முன்பு அனுப்பிய லேடெக் பாடம் பிடிபட்டுவிட்டது. எழுத்துக்கு நடுவே குறிகளைத் தட்டினால் போதும், அட்டவணை அசையாமல் நிற்கிறது. முதல் நாள் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்து நாற்பது பிழை வாங்கினேன். இளையரசனேந்தல் பக்கத்துக் கிணறுகளில் நைட்ரேட் எவ்வளவு என்ற என் எம்.எஸ்ஸி. அறிக்கை இப்போது அச்சுப் புத்தகம் மாதிரி இருக்கிறது.

ஒரே தொந்தரவு. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு நாற்பத்தைந்து மில்லிகிராமைத் தாண்டக் கூடாது; ஏழாவது கிணறு மட்டும் 162 காட்டுகிறது. "டெஸ்ட்ல தப்பு வந்திருக்கும், அதத் தூக்கிரும்மா" என்கிறார் கைடு. ஒரு வரியை அழிக்காமல் மறைக்க வழி உண்டா?

உன் எப்சிபா

பெங்களூரு
12.2.2025

அன்பு எப்சி,

கோபிக்காதே, வேலை அப்படி. வரிக்கு முன்னால் சதவீதக் குறி போட்டால் அச்சில் வராது. ஆனால் போடாதே. திரும்பத் தண்ணீர் எடுத்துச் சோதித்துப் பார். அது யார் வீட்டுக் கிணறு? அவர்களிடம் சொன்னாயா?

உன் ஜுவைரியா

சங்கரன்கோவில்
6.4.2025

ஜுவை,

உன் கேள்விக்குப் பதில் எழுதாமலே இருந்துவிட்டேன். குறியைப் போட்டுத்தான் அறிக்கையைக் கொடுத்தேன். துறையிலேயே தெளிவான அறிக்கை என்று பாராட்டினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டுமே என்று மறுபடி தண்ணீர் எடுக்கப் போகவில்லை.

அது இசக்கிச்செல்வி அக்கா வீட்டுக் கிணறு. அவளுடைய நாலு மாதக் குழந்தை புதன்கிழமை இறந்துபோனது. உதடும் நகமும் நீலமாகிவிட்டதாம்; நைட்ரேட் கூடிய தண்ணீர் கைக்குழந்தைகளை அப்படித்தான் செய்யும். போன மாதம் தொடங்கிய பால்பவுடரை எந்தத் தண்ணீரில் கலக்கினாய் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். கைடிடம் போய்ச் சொன்னேன். "இப்பம் அத எதுக்குக் கிளறுத?" என்றார்.

நான் என்ன செய்யட்டும்?

எப்சிபா

பெங்களூரு
7.4.2025

எப்சி,

அந்தக் குறியை எடு. முழு அறிக்கையைச் சுகாதார அதிகாரியிடம் கொடு. அந்த அக்கா முன்னால் போய் நின்று, உன் வாயாலேயே சொல். அதற்குப் பிறகு எனக்கு எழுது.

ஜுவைரியா

சங்கரன்கோவில்
12.4.2025

ஜுவைரியா,

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். கிணற்றை மூடிவிட்டார்கள். கைடு என்னோடு பேசுவதில்லை.

அக்காவிடமும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "ஏட்டி, தண்ணிய என்னைக்கு எடுத்தே?" என்றாள்.

"பிப்ரவரி மூணாம் தேதிக்கா."

விரலை மடக்கி எண்ணினாள்.

"அப்பம் அவனுக்குத் தாய்ப்பால்தான் குடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

எப்சிபா