பெரட்டில் கூப்பிடாத பேர்

வத்தளை
04.08.2024

என் ஜீவராணிக்கு,

போனில் என்னைப் பிளாக் பண்ணிவிட்டாய். வாட்சப், பேஸ்புக் எல்லாம் பிளாக். தபால்காரரை மட்டும் உன்னால் பிளாக் பண்ண முடியாது, அதனால் எழுதுகிறேன். அம்மா, அப்பா சுகமா? தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகிற பிள்ளைமடுவத்துக் குட்டிகள் இன்னும் டீச்சர் உன் மடியில்தான் மூக்கைத் துடைக்கிறார்களா?

கோபம் எதனால் என்று தெரியும். அந்தப் போட்டோ. ஸ்டூடியோவில் யோகேஸ்வரன் டிரம்ஸில் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். அவன் இங்கே என்னோடு வாசிக்கிற குழுவின் டிரம்மர், அவ்வளவுதான். வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவள் கிட்டாரைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டா இருக்க முடியும்?

விசயத்துக்கு வருகிறேன். நம்முடைய ‘பெரட்டு’ பாட்டைத் தனிப்பாட்டாக வெளியிடப் போகிறோம். பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற நேரத்தில் நீ வெறும் பால்மா டின்னைக் கவிழ்த்து வைத்து அடிக்க, நான் கிட்டார் வாசிக்க, பிள்ளைமடுவத்தில் பிறந்த அதே பாட்டு. காலையில் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில் கங்காணி வேலைக்குப் பேர் கூப்பிடும்போது ஒருத்தி போகாமல் நின்றுவிடுகிறாளே, அந்தப் பாட்டு. “கூப்பிடு கூப்பிடு என் பேரை, இன்னைக்கு நான் வரமாட்டேன்” என்ற வரி உன்னுடையது. இங்கே எல்லோர் வாயிலும் அதுதான் ஓடுகிறது.

கிட்டாரை நல்ல இரைச்சலாக, கரகரவென்று வைத்திருக்கிறோம். அதற்குள் தப்பு மேளத்தின் சத்தம் விழுந்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். டிரம்ஸை யோகேஸ்வரன் பார்த்துக்கொள்வான். நீ வந்து தப்பு அடித்துக் கொடுடி.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ஜெனிதா


திம்புள்ள
12.08.2024

கொழும்புப் பாடகி ஜெனிதா அவர்களுக்கு,

சுகம். எல்லோரும் சுகம். நீ இல்லாமலும் சுகம்.

பிளாக்கை எடுக்கமாட்டேன். பதில் எழுதாமலும் இருக்க முடியவில்லை, வயிறு எரிகிறது.

டிரம்ஸுக்கு அவன், தப்புக்கு நான். உனக்கு எப்படியடி மனசு வந்தது? அட்டனில் வாடகைக்கு எடுத்த அந்த ஓட்டை டிரம்ஸில் நான் வாசித்த அன்று, “பொம்பளப்புள்ளயா இந்த அடி அடிக்குது?” என்று பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் பேசினார்கள். அந்தப் பேச்சுக்காகத்தான் கை காய்த்துப்போக வாசித்தேன். எங்கள் அப்பா சாவு வீடுகளில் தப்பு அடிக்கிறவர். அவருக்கு மட்டும் தேத்தண்ணியைப் பிளாஸ்டிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்ததை நீயும் நின்று பார்த்தவள்தானே? தப்பைத் தொடவே மாட்டேன் என்றுதான் நான் டிரம்ஸில் போய் உட்கார்ந்தேன். இப்போது, “நீ எழும்பு, அவன் உட்காரட்டும், நீ போய்த் தப்பை எடு” என்கிறாய்.

அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நல்ல தலைமயிர். காலில் நல்ல சப்பாத்து. அந்த நெட்டைக் காலுக்கு ஸ்டூலை எவ்வளவு உயரத்தில் ஏற்றி வைத்திருக்கிறான்! அதில் நான் ஏறினால் கால் பெடலுக்கு எட்டாது. என்னை நினைத்து அங்கே யாரும் இடம் வைத்திருக்கவில்லை என்று பார்த்ததுமே விளங்கிவிட்டது. அவன் நன்றாக வாசிக்கிறானா? வாசித்தால் அதையும் எழுதித் தொலை.

நான் வரமாட்டேன். பாட்டில் என் பேரை எங்கேயும் போடவும் கூடாது. அந்த வரியை நீயே வைத்துக்கொள், தானம் கொடுத்ததாக இருக்கட்டும்.

செ. ஜீவராணி


வத்தளை
20.08.2024

அடி பொறாமைக்காரி,

கேட்டாய், சொல்கிறேன். நன்றாக வாசிக்கிறான். ரொம்ப நன்றாக. தாளம் பிசகுவதே இல்லை. நீ கோபம் வந்தால் வேகத்தைக் கூட்டிவிடுவாய், நான் விழுந்தடித்துக்கொண்டு பின்னால் ஓடிவருவேன். இவனோடு ஓட வேண்டிய வேலையே இல்லை. எனக்கு அது சப்பென்று இருக்கிறது.

பொறாமை உனக்கு மட்டும் என்று நினைத்தாயா? நான் இங்கே வந்த மாதமே நீ அட்டன் பயல்களோடு கல்யாண வீட்டில் வாசித்தாயே, அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. அவர்களோடு என்னடி அப்படியொரு சிரிப்பு?

கோப்பை விசயம் எனக்கு மறக்கவில்லை. தப்புச் சத்தம் எனக்குப் பிடிக்கும், அதனால் கேட்டுவிட்டேன். உனக்கு அது என்ன பாரம் என்று யோசித்திருக்க வேண்டும்.

யோகேஸ்வரனிடம் பேசிவிட்டேன். நடுவில் உன் வரி வருகிற இடத்துக்கு நீயே டிரம்ஸில் உட்கார். தப்பு அடிப்பதும் விடுவதும் உன் விருப்பம். செப்டம்பர் 7, சனிக்கிழமை ரெக்கோர்டிங். வெள்ளி இரவு தலவாக்கலையில் ரயில் ஏறு, காலையில் கொழும்பு கோட்டை ஸ்டேசனில் நிற்பேன். உங்கள் தோட்டத்து டிவிசனில் இன்னொரு ஜீவராணியும் இருக்கிறாளே, அவள் கைக்குப் போய்விடக் கூடாது என்று கவரில் உன் அப்பாவின் பேரைப் பெரிதாகப் போட்டிருக்கிறேன்.

வா. கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

உன் ஜெனிதா


திம்புள்ள
10.09.2024

ஜெனிதா,

உன் புத்தியை எதால் அடிப்பது?

தோட்டத்தில் கடிதங்களைப் பெரட்டில்தான் பேர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள், மறந்துவிட்டாயா? கடிதம் வந்த அன்று பெரட்டில் ஆண்டியப்பன் கங்காணி கவரைப் பார்த்து, “செல்லசாமி!” என்று கூப்பிட்டிருக்கிறார். பெரிய எழுத்தில் இருந்தது அப்பாவின் பேர்தானே? அப்பாவுக்கு வாசிக்க வராது. கங்காணியே பிரித்து, கண்ணாடி இல்லாமல் அங்கொரு வரி இங்கொரு வரி பார்த்துவிட்டு, “ஜெனிதா புள்ள ஒன்னயத் தப்பு அடிக்கக் கூப்பிடுது, சனிக்கெழம கோட்ட ஸ்டேசன்ல நிக்குமாம்” என்று சொல்லிவிட்டார்.

அப்பா எங்களிடம் கண்டியில் கண் கிளினிக், விடியவே நம்பர் எடுக்க வேண்டும் என்றார். வெள்ளைச் சட்டையை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு, எதையோ சாக்கில் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு போனார். கிளினிக்குக்கு எதற்குச் சாக்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, மடச்சி.

ரயிலில் ஒருத்தர், “கொழும்புல யாருங்க செத்தது?” என்று கேட்டாராம். “யாரும் சாகலிங்க, பாட்டுக்குப் போறேன்” என்றாராம். இதை எங்கள் லயத்தில் வீடு வீடாகச் சொல்லிச் சிரிக்கிறார். ஸ்டூடியோவில் நெருப்பு மூட்ட விடாததால் நீ தலைமயிர் காய வைக்கிற மெசினைப் பிடித்துத் தப்பைச் சூடாக்கினாயாம். யோகேஸ்வரன் எழும்பி நின்று கை தட்டினானாம். தேத்தண்ணி கொடுத்தானாம். “அந்தத் தம்பி குடிச்ச மாதிரியே பீங்கான் கோப்ப” என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டது.

“ஏம்ப்பா எனக்குச் சொல்லல?” என்று கத்தினேன். “தப்புன்னாலே நீ கத்துவ. பெரட்டுல என் பேரத்தானே கூப்பிட்டாங்க, போனேன்” என்கிறார்.

நேற்றுத்தான் கடிதம் என் கைக்கு வந்தது. டிரம்ஸில் உட்காரச் சொல்லியிருக்கிறாய். எல்லாம் முடிந்த பிறகு வாசிக்கிறேன். யோகேஸ்வரன் மேல் இருந்த பொறாமை இப்போது பெற்ற அப்பாவின் மேல் வந்து நிற்கிறது, இதைவிடக் கேவலம் உண்டா? அவர் சாப்பிடும்போது தட்டில் விரலால் அந்தப் பாட்டை அடிக்கிறார். தட்டைப் பிடுங்கலாம் போல இருக்கிறது.

நான் இல்லாமலே என் பாட்டு முடிந்துவிட்டது. என் பேரைப் போடாதே. சொன்னது சொன்னதுதான்.

ஜீவராணி


வத்தளை
21.10.2024

ஜீவா,

ஸ்டேசனில் அப்பா இறங்கியதும் உன்னைத்தான் பின்னால் தேடினேன். “அவளுக்கு வேல இருக்குதும்மா” என்றார். அங்கேயே நின்று உனக்குப் போன் எடுத்தேன். பிளாக். அந்த ஒரு போன் கோல் போயிருந்தால் அடுத்த ரயிலில் வந்திருப்பாய். அதற்கு நான் என்ன செய்யட்டும்? எனக்கும் கோபம் வரும், தெரிந்துகொள்.

பேர் போடவில்லை. உன் வரியில் டிரம்ஸும் போடவில்லை. யோகேஸ்வரனே, “அது அவங்க இடம், நான் அடிக்கல” என்றுவிட்டான். தீபாவளிக்கு மறுநாள் யூடியூபில் வருகிறது. கேட்பதென்றால் முடிவு வரைக்கும் கேள். இனி நான் கடிதம் எழுதமாட்டேன்.

ஜெனிதா


திம்புள்ள
03.11.2024

அன்புள்ள ஜெனிதாவுக்கு,

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். லயத்தில் விட்டால்தானே? பலகாரம் தீருமுன்பே பயல்கள் ஸ்பீக்கரை வெளியில் வைத்துவிட்டார்கள். ஆண்டியப்பன் கங்காணி, “கூப்பிட்டா வரமாட்டாளாமே, என்னா திமிரு” என்று திட்டிக்கொண்டே திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்.

நான் காதைப் பொத்திக்கொண்டு பிள்ளைமடுவத்துக்கு ஓடினேன். அங்கே கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக என் போனில் கேட்டேன். கிட்டார் காதைக் கிழிக்கிறது, நன்றாக இருக்கிறது. யோகேஸ்வரனும் நன்றாகத்தான் வாசிக்கிறான், பாவி. அப்பாவின் தப்பு உள்ளே இறங்கியபோது வயிறு எரிந்தது. பெருமையாகவும் இருந்தது, அது வேறு எரிச்சல்.

பிறகு என் வரி. டிரம்ஸ் நின்று, டொக்கு டொக்கென்று வேறொரு சத்தம். யாரோ புதிதாக ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாய் என்று நினைத்தேன். சத்தியமாக அவள் மேலும் பொறாமைப்பட்டேன். கொஞ்சம் வேகமாக அடிக்கிறாளே, கோபக்காரி போல என்றும் நினைத்தேன். அப்போது பின்னால் ஒரு குழந்தை அழுதது. “அழாதடா, டீச்சர் வந்துட்டேன்” என்று என் குரல்.

பாட்டு பிறந்த அன்றைக்கு, தாய் வரப் பிந்திய குட்டியை வைத்துக்கொண்டு அடித்தேனே, உன் போனில் பதிந்தாயே, அது. என் டின். அது வேகம் கூடி ஓட, அப்பாவின் தப்பு அதைப் பிடிக்க ஓட, வரி முடிந்ததும் நெட்டைக்காலனும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வந்து சேர்கிறான். குட்டிகளின் பாயில் உட்கார்ந்து அழுதேன்.

கீழே பேர்களைப் பார்த்தேன். குரலுக்கும் கிட்டாருக்கும் நீ. டிரம்ஸுக்கு யோகேஸ்வரன். தப்புக்கு செல்லசாமி. கடைசியில், “பால்மா டின்: பெரட்டுக்கு வராதவள்.”

மாலையில் அப்பா பேர்களை வாசித்துக் காட்டச் சொன்னார். அவர் பேரை இரண்டாம் தரமும் வாசிக்கச் சொன்னார். கடைசி வரி வந்ததும், “அது யாரும்மா?” என்று கேட்டார். போனைப் பட்டென்று அணைத்துவிட்டேன்.

அதனால் அதை மாற்று. செ. ஜீவராணி என்று போடு. அந்த ‘செ’ முக்கியம், விட்டுவிடாதே.

பிளாக்கை எடுத்துவிட்டேன். நான் முதலில் கூப்பிடமாட்டேன், நீ கூப்பிடு. அடுத்த பாட்டுக்கு வருகிறேன். அந்தப் பயலிடம் சொல்லி ஸ்டூலை இறக்கி வை.

உன்
செ. ஜீவராணி