திருமண் வெள்ளை

டிசம்பர் 4, புதன்

மூட்டம். பத்தாவது நாள். ஸ்டூடியோ ஜன்னலில் வெளிச்சமே இல்லை.
வாங்க வேண்டியது: பஞ்சு, மெல்லிய பிரஷ் 1, மனைவி பாத்திமாவுக்கு இருமல் மருந்து.
கறுப்பு வெள்ளைப் படம் மூன்றுக்குக் கலர் பூச வேண்டும். ஸ்ரீரங்கத்துப் பெரியவர் படம் முடிந்தது. இறந்து ஒரு வருஷம். திவசத்துக்கு மகன் கேட்கிறார், திங்கள் மாலைக்குள்.

டிச. 5, வியாழன்

தூறல். மகன் இன்றே வந்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.
"ஏன் பாய், அப்பா நெத்தில திருமண் மஞ்சளா இருக்கே? வெள்ளைன்னா இருக்கணும்!"
முகத்துக்குப் பூசும் சாயம் நெற்றிக் கோட்டில் ஏறுவது வழக்கம். டர்பன்டைன் தொட்ட பஞ்சால் எடுத்துவிடுவேன். எடுத்தேனே! எனக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. இப்போதும்.
முதலாளிதான் காப்பாற்றினார். "பத்து நாளா வெயிலே இல்லீங்க சாமி. இருட்டுல செஞ்ச வேலை. திங்கக்கிழமை வாங்க."
இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு தப்பு இல்லை. இருட்டுதான் காரணம். இருட்டாகவே இருக்கட்டும்.

டிச. 8, ஞாயிறு

லீவு. இருமல் மருந்து மறந்து, ஏச்சு வாங்கினேன். வெளிச்சம் தேடி மகளோடு காவிரிப் பாலம். மேகம் கொஞ்சம் விலகி, தண்ணீர் மேல் ஒரு பட்டை வெளிச்சம். வேறு நாளாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து வரைந்திருப்பேன்.
"அது என்ன கலர், சொல்லு பாப்போம்?" விளையாட்டு மாதிரிதான் கேட்டேன்.
"நீலம் அத்தா. இதுகூடத் தெரியலையா?"
எனக்குச் சாம்பல். சிரித்து மழுப்பினேன். ஆனாலும் அழகு, அந்தச் சாம்பலும். பாத்திமாவிடம் சொல்லவில்லை. சொல்லப் பயம்.

டிச. 9, திங்கள்

வெயில்! பளீரென்று. இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ, அது. இனி இருட்டைச் சாக்குச் சொல்ல முடியாது.
படம், பஞ்சு, மொட்டை மாடி. மறுபடி துடைத்தேன். வெள்ளை. சுத்த வெள்ளை. அல்ஹம்துலில்லாஹ். கண்ணுக்கு ஒன்றுமில்லை. இறங்கி ஓடி முதலாளியிடம் காட்டினேன். ஜன்னலோரம் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.
"நல்லாருக்கு பாய். போயி சாப்பிட்டு வாங்க."
இரண்டு வாய்தான் இறங்கியது. சீக்கிரம் திரும்பினேன். முதலாளி என் இடத்தில். மடியில் அதே படம். பஞ்சால் திருமண்ணை மெல்லத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கை நின்றது.
"டீ சொல்லிட்டு வாங்க பாய்."
நான் போகவில்லை. பஞ்சை மேசையில் வைத்தார். நேர் வெயில் அதன்மேல். குனிந்து பார்த்தேன். மஞ்சளா, வெள்ளையா, தெரியவில்லை.