நுரையீரல் சிரைக்கு நீல மை

18 ஆகஸ்ட் 2008, திங்கள்
வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். நோட்டு என்று சொல்லக்கூடியது என்னுடையது ஒன்றுதான். மற்றதெல்லாம் கோழி கிளறிய குப்பை. சௌந்தரம் டீச்சர் உயிரியல் பாடம் சொல்லச் சொல்ல ரஃப் நோட்டில் எழுதி, வீட்டில் ஃபேர் நோட்டில் மாற்ற வேண்டும். இதுகூட முடியாதவர்களுக்கு டாக்டர் சீட்டு ஆசை வேறு.

5 செப்டம்பர்
காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் வருகிறாளே கனிமொழி, அவள் படிக்கிற லட்சணத்தைப் பார்க்க வேண்டும். புத்தகத்தை மூடிவிட்டு, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் ஞாபகத்திலிருந்து கிறுக்குகிறாள். பிறகு திறந்து பார்த்து, தப்பை அடித்துவிட்டு, மறுபடி கிறுக்குகிறாள். பார்த்து எழுதினால் தப்பே வராதே! இந்த அறிவுகூட இல்லை.

20 நவம்பர்
காய்ச்சலில் நாலு நாள் வராத கனிமொழி, இதயம் பாடத்துக்கு என் நோட்டைக் கேட்டாள். கொடுத்தேன். கீழ வீதி கண்ணாயிரம் அண்ணன் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். என் சிவப்பும் நீலமும் போய் வெறும் கறுப்பு. அவளுக்கு அது போதும்.

28 நவம்பர்
மழை. லீவு. நோட்டில் ஈரம் பட்டுவிட்டதால் இதயத்தை மூன்றாம் தடவையாக எழுதினேன். தமனி எல்லாம் சிவப்பு, நல்ல ரத்தம். சிரை எல்லாம் நீலம், பக்கத்தில் ‘கெட்ட ரத்தம்’ என்று குறிப்பு, முன்பு எழுதியபடியே. அம்மா பக்கத்து வீட்டு மாமியிடம் காட்டி, "அச்சடிச்ச மாதிரி இருக்கு பாருங்கோ" என்றாள்.

10 டிசம்பர்
இதயத்தில் ஏதோ சந்தேகமாம், கனிமொழி என் நோட்டைத் தொட வந்தாள். "கை வெக்காத, மை கலையும்" என்று விரட்டினேன். நோட்டைக் கொடுத்தால் மூளையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது.

16 டிசம்பர்
அரையாண்டு. இதயமே வந்தது! பத்து மார்க்.

7 ஜனவரி 2009
உயிரியலில் இருநூற்றுக்கு எனக்கு 143. கனிமொழிக்கு 187. இதயத்துக்கு எனக்குப் பத்தில் மூன்றே மூன்று. டீச்சருக்குக் கண் தெரியவில்லை என்று கத்திக்கொண்டே கனிமொழியின் ஜெராக்ஸைப் பிடுங்கிப் பார்த்தேன். ஓரமெல்லாம் பென்சிலில் கேள்விகள். நுரையீரல் சிரைக்குப் பக்கத்தில்: நுரையீரலுக்குப் போய் சுத்தமாகித் திரும்புற ரத்தம், இது எப்படிக் கெட்ட ரத்தம்?

"தெரிஞ்சும் ஏன்டி சொல்லல?"

"நீ இவ்ளோ அழகா எழுதியிருந்த, எனக்குத்தான் புரியலன்னு நெனச்சேன். அப்பறம் புக்குல பாத்துட்டு சொல்ல வந்தேன். நீதான் தொரத்திட்ட."

நிஜம்தான். விரட்டினேன்.

மூணு தடவ எழுதினேனே — ஒரு தடவையாவது படிச்சேனா? வண்ண வண்ணமா எழுதின மாடு. வெட்கமாக இருக்கிறது. இந்த மார்க்குக்கு எவன் சீட்டு கொடுப்பான்?

8 ஜனவரி
நோட்டைத் தொடவில்லை.

19 ஜனவரி
கனிமொழியிடம் கேட்டு அந்த ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கண்ணாயிரம் அண்ணன் புரட்டிப் பார்த்தார்.

"ஒன் கையெழுத்துதானே பாப்பா இது? அசல் வீட்டுல இருக்கும்ல, நகலுக்கு எதுக்கு நகலு?"

"ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்கு பாருங்கண்ணே, அது தெளிவா விழணும்" என்றேன்.