சம்பளம் இல்லாத சூப்பு

வுப்பர்டால்
14.2.1988

அன்பு மகள் றெஜினாவுக்கு,

மாதாவின் துணையால் நான் சுகம், முழங்கால் மட்டும் குளிருக்கு முறுமுறுக்கிறது. மதராசில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். தேசிய வருமானக் கணக்கு தலைக்குள் ஏறவில்லை, சோதனையில் கோட்டை விடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அதை நான் சமைக்கப் போகும் வீட்டு வால்ட்டர் ஐயாவிடம் சொன்னேன். பென்சனுக்கு முன் அரசாங்கப் புள்ளிவிபரக் கந்தோரில் வேலை பார்த்தவர், மனைவி இறந்தபின் தனி ஆள். கேட்டதுதான் தாமதம், கிழங்கு உரித்துக்கொண்டிருந்த என் முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டார். பாணைக் கணக்கில் சேர்த்தால் அதற்குள் போன மாவைத் திரும்பச் சேர்க்கக் கூடாதாம், மாவின் விலை பாணின் விலைக்குள்ளேயே இருக்கிறதாம். நாடு உண்டாக்கியதைக் கூட்டினாலும், சனங்கள் உழைத்ததைக் கூட்டினாலும், செலவழித்ததைக் கூட்டினாலும் ஒரே தொகைதான் வரவேண்டுமாம். வராவிட்டால் என்று கேட்டேன். வராது, அதனால்தான் எங்களுக்கு வேலை இருந்தது என்றார்.

பிறகு அடுப்பில் இருந்த சூப்பைக் காட்டி, இதற்கு நான் சம்பளம் தருவதால் இது ஜேர்மனியின் வருமானத்தில் சேரும், நாளைக்கு நான் உங்களைக் கலியாணம் செய்தால் இதே சூப்புத்தான், ஆனால் கணக்கில் வராது, நாட்டு வருமானம் குறைந்துவிடும் என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. காது இரண்டும் பீற்றூட் மாதிரிச் சிவந்துவிட்டது. நாடு தாங்கிக்கொள்ளும் என்று நினைக்கிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று மெல்லக் கேட்டார். நான் அடுப்பைக்கூட அணைக்காமல் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், சூப்பு அடிப்பிடித்ததாம். பக்கத்து வீட்டுப் புஸ்பவதி அக்காவிடம் சொன்னால், “சனம் என்ன கதைக்கும் யோசப்பின்?” என்று ஏசினார், கொஞ்ச நேரத்தில் “ஆள் குடிக்கிறேல்லைத்தானே?” என்று விசாரித்தார்.

அடுத்த கிழமை போய், இறந்துபோன உன் அப்பாவின் படம் நான் போகும் வீட்டுக்கெல்லாம் வரும் என்று சொன்னேன். அவர் உடனே சுத்தியலை எடுத்துவந்து, தன் மனைவியின் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தார். கொஞ்சம் கோணல்தான். ஓம் என்று வாய்வரை வந்துவிட்டது, ஆனால் மகளைக் கேட்காமல் ஏலாது என்றேன்.

யோசித்து எழுது பிள்ளை, கோபமென்றால் கோபத்தோடேயே எழுது. சோதனைக்குப் பசியோடு போகாதே, தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடி. மாதா உன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கட்டும். உன் பதில் வரும்வரை அந்த ஆணியில் நான் ஒன்றும் மாட்டமாட்டேன்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
யோசப்பின்