மெட்டெல்லஸ் வீட்டுப் பெண்

திருப்புட்குழி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள என் கணவர் பிரேம்நாத் அவர்களுக்கு, துர்கா வணக்கத்துடன் எழுதுவது.

மஸ்கட்டில் வேலை எப்படிப் போகிறது? இங்கே என்னைத் தவிர எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே அழுகை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

நம் ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு என்று ஆகிவிட்டது. முதலில் மாமா, பிறகு உங்கள் அண்ணன் முனிரத்தினம் என்று நம் வீட்டை விட்டு வெளியே போகாத பதவி. அவர் மனைவி அக்காவுக்குச் சர்க்கரை, அலைய முடியாதாம். அதனால் என் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

போன வாரம் கல்லூரியில் ரோம வரலாறு எடுத்தேன். மெட்டெல்லஸ் என்று ஒரு குடும்பம். அண்ணன், தம்பி, பிள்ளைகள் என்று மாறி மாறி நாட்டின் தலைமைப் பதவிக்கு வந்தவர்கள். அந்த வீட்டுப் பெண் ஒருத்தியின் கல்லறை இன்னும் ரோமில் நிற்கிறது. கல்வெட்டில் அவள் இன்னார் மகள், இன்னார் மனைவி, அவ்வளவுதான். இதைச் சொன்னதும் ஒரு மாணவி, "மேடம், உங்க வீட்டுக் கதை மாதிரியே இருக்குது" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

அதை யாரோ செல்போனில் எடுத்துப் பரப்பிவிட்டார்கள். மறுநாள் உங்கள் அண்ணன் கல்லூரி முதல்வர் அறையில் வந்து உட்கார்ந்தார். பாடத்தைச் சீக்கிரம் முடித்துவிடும்படி முதல்வர் என்னிடம் சொன்னார். அன்றிலிருந்து அத்தை எனக்கு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிறகு போஸ்டர் வந்தது. நம் கல்யாணப் படத்திலிருந்து உங்களை வெட்டிவிட்டு என்னை மட்டும் போட்டிருக்கிறார்கள். மாமா பெயரும் அண்ணன் பெயரும் பெரிய எழுத்தில். கீழே நான், முனிரத்தினம் தம்பி மனைவி. பஸ் நிறுத்தத்தில் என் மாணவிகளோடு நின்று அதைப் படித்தேன். அதுவரை யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படக்கூட இல்லை. "நீ பாட்டுக்குக் காலேஜ் போய்க்கினு இரும்மா. கையெழுத்து மட்டும் போடு, மத்தத நான் பாத்துக்கிறேன். தம்பிகிட்ட அப்பவே கேட்டுட்டேன், சரின்னுட்டான்" என்றார்.

நீங்கள் தினமும்தான் போன் செய்கிறீர்கள். மழை பெய்ததா என்றுகூட விசாரித்தீர்கள். இதை மட்டும் ஏன் சொல்லவில்லை?

வேட்புமனுவில் நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. திங்கட்கிழமை கடைசி நாள். நாற்காலியில் நான் உட்கார்ந்தால் நான்தான் பேசுவேன், நான்தான் முடிவெடுப்பேன், சம்மதமென்றால் போடுகிறேன் என்று உங்கள் அண்ணனிடம் அத்தை முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

காமாட்சி அம்மன் உங்களை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். வெயிலில் அலையாதீர்கள். அண்ணனிடம் பேசுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, உனக்கு என்ன வேண்டும் என்று என்னைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
துர்கா