கேட்காத ரசீது

சட்டமன்றச் செயலகம்,
சுருக்கெழுத்துப் பிரிவு,
மார்ச் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே உங்கள் சுகம், அண்ணியின் சுகம், முக்கியமாக உங்கள் இடது முழங்காலின் சுகம் அறிய விரும்புகிறேன். போன மாதம் போனில் கேட்டபோது, கால் நன்றாகத்தான் இருக்கிறது, மாடிப்படிதான் சரியில்லை என்றீர்கள். பிறகு அண்ணி போனை வாங்கி, இரண்டு படி ஏறினால் ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று சொன்னார். யாரை நம்புவது என்று எனக்குத் தெரியும்.

இதுவும் போனில் சொல்லக்கூடிய விஷயம்தான். ஆனால் போனில் நீங்கள் "சரி, வைக்கட்டுமா" என்று பாதியிலேயே முடித்துவிடுவீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

இந்தக் கூட்டத்தொடரில் முன்னாள் படைவீரர்களுக்காக ஒரு மசோதா வந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாத சிகிச்சை, மூட்டு அறுவை சிகிச்சையும் சேர்த்து. ஒரு அடையாள அட்டை. ஒவ்வொரு மாவட்டத் தலைநகரிலும் ஒரு கல்சுவர், அதில் அந்த மாவட்டத்திலிருந்து பட்டாளத்துக்குப் போன அத்தனை பேரின் பெயரும். சபைத் தலைவருக்குக் கீழே உள்ள மேசையில்தான் எங்களுக்கு இடம் என்பது உங்களுக்குத் தெரியும். பத்து நிமிஷத்துக்கு ஒருவர் என்று மாறி மாறி எழுதுவோம். என் முறை வரும்போதெல்லாம் இரண்டு பக்கத்து உறுப்பினர்களும் போட்டி போட்டுக்கொண்டு மேசையைத் தட்டினார்கள். 'மேசையைத் தட்டும் ஒலி' என்று அடைப்புக்குறிக்குள் எழுதி எழுதியே என் விரல் வீங்கிவிட்டது.

ஆனால் படைவீரர் என்றால் யார் என்று இரண்டாவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. நன்னடத்தைச் சான்றோடு பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர் மட்டும்தான். பதினோரு வருஷம் வேலை பார்த்து, கவிழ்ந்த வண்டிக்கு அடியில் முழங்காலைக் கொடுத்த நீங்கள் அந்த வரிக்கு வெளியே நிற்கிறீர்கள். அணிவகுப்பு நாள் வந்தால் நீங்கள் காவல் வேலையில் இரட்டை ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு கிடங்கு வாசலிலேயே இருந்துவிடுவதாக அண்ணி முன்பு ஒருமுறை சொன்னார். அதை நினைத்துக்கொண்டே எழுதியதில், இத்தனை வருஷ வேலையில் முதல் தடவையாக ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். காது அடைத்துக்கொண்டது என்று சொல்லிச் சமாளித்தேன். பக்கத்தில் இருந்த புதுப் பெண்தான் அதை நிரப்பிக் கொடுத்தாள்.

நல்ல செய்தி இனிமேல்தான். தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு உறுப்பினர் எழுந்து அந்த வரியை எதிர்த்தார். மசோதா இப்போது தேர்வுக் குழுவுக்குப் போயிருக்கிறது. தங்கள்மேல் தவறில்லாமல் வெளியே அனுப்பப்பட்டவர்கள் இந்த மாதம் 22ஆம் தேதிக்குள் மனுப் போடலாம். ஆதாரம் இருந்தால் அவர்களையும் உள்ளே கொண்டுவர ஒரு உட்பிரிவு சேர்ப்பதாகக் குழு சொல்லியிருக்கிறது. மனுப் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பழையதைக் கிளறுகிறேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். முழங்காலை மட்டும் நினைத்துக் கையெழுத்துப் போடுங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம்.

தங்கள் தம்பி

---

மார்ச் 10

தம்பிக்கு,

அண்ணனின் ஆசி. உன் கடிதத்தை அண்ணி இரண்டு தடவை சத்தமாகப் படித்தாள். இரண்டாவது தடவை எனக்காகப் படிக்கவில்லை, அவளுக்காகப் படித்தாள்.

காலைப் பற்றி அவள் சொல்வதை எல்லாம் நம்பாதே. இப்போதும் எட்டு மணி நேரம் வாசலில் நிற்கிறேன். லாரிக்காரர்கள் என் பூட்ஸைப் பார்த்துத்தான் பிரேக் போடுகிறார்கள்.

மனு வேண்டாம். ஏன் என்று கேட்பாய். இதுவரை வீட்டில் யாருக்கும் நான் முழுசாகச் சொன்னதில்லை. லீவு தாண்டியதற்காக அனுப்பிவிட்டார்கள் என்று சொன்னது பாதிக் கதை. பதினெட்டு நாள் தாமதமாக வந்தவனை யாரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள். பத்து நாள் காவலில் வைப்பார்கள். வெளியே வந்து பூட்ஸைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நிற்கலாம்.

நான் திரும்பிப் போனதும் அலுவலகக் கிளார்க், லீவை நீட்டிக்கச் சொல்லி எந்த விண்ணப்பமும் வரவில்லை என்றான். மூக்குக்கண்ணாடி போட்ட ஒல்லிப் பேர்வழி. அப்பாவின் டாக்டர் சான்றோடு என் தம்பி பதிவுத் தபாலில் போட்டிருக்கிறான் என்றேன். ரசீது எங்கே என்றான். "என் தம்பி போட்டேன்னு சொன்னான். அதுதான் ரசீது" என்றேன். அவன் சிரித்தான். "உன் தம்பி புளுகியிருப்பான்யா" என்றான். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கண்ணாடி உடைந்து அவன் புருவத்தில் நாலு தையல்.

மேலதிகாரி நல்ல மனுஷன். கிளார்க்கிடம் மன்னிப்புக் கேள், இதோடு விட்டுவிடலாம் என்றார். என் தம்பியைப் பொய்யன் என்றவனிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? மாட்டேன் என்று நின்றேன். அனுப்பிவிட்டார்கள். தபாலைத் தொலைத்தது அவன். பழியைத் தூக்கிப் போட்டது பரீட்சை எழுதிக்கொண்டிருந்த பையன்மேல். இன்றைக்கும் அவனை நினைத்தால் எனக்குப் பல் நறநறக்கிறது.

இப்போது சொல், மனுவில் காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? ஆதாரத்துக்கு எங்கே போவது? விடு. கல்லில் பெயர் இருந்தால்தான் நான் பட்டாளத்தில் இருந்தது நிஜமா?

உனக்கு இன்னும் ஒரு வருஷம்தானே பாக்கி? நல்லபடியாக முடி. நம் வீட்டில் ஒருத்தனாவது முழு சர்வீஸ் போட்டு மரியாதையோடு வெளியே வரட்டும். அதுதான் எனக்குச் சந்தோஷம்.

அண்ணன்

---

மார்ச் 14

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தத் தடவை சுகம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. அதனால் நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கிளார்க் எதையும் தொலைக்கவில்லை. அவர் கைக்கு எதுவும் வரவில்லை. நான் தபாலில் போடவில்லை.

மூன்று நாளாக இந்த ஒரு வரியை எழுதுவதற்குத்தான் முயற்சி செய்துகொண்டிருந்தேன். ஊர்ப் பேச்சையெல்லாம் ஒரு எழுத்து விடாமல் எழுதுகிற கை, தன் பேச்சை எழுத மறுக்கிறது.

அன்று காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில், அப்பாவை விட்டு நகர முடியாது என்று சொல்லி அந்த உறையை என்னிடம் கொடுத்தீர்கள். முகவரி எழுதி, ஒட்டிக் கொடுத்தீர்கள். பரீட்சைக்குப் போகிற வழியில் பதிவு செய்துவிடு, மறந்துடாதே என்றீர்கள். தபால் ஆபீஸில் எனக்கு முன்னால் பன்னிரண்டு பேர். சுருக்கெழுத்துப் பரீட்சைக்கு மணி அடித்துவிட்டால் உள்ளே விட மாட்டார்கள். முடித்துவிட்டு வந்து போடலாம் என்று உறையை நோட்டின் அட்டைக்குள் செருகினேன். பரீட்சை நன்றாக எழுதினேன். அந்தத் தலைகால் தெரியாத சந்தோஷத்தில், என்னோடு பரீட்சை எழுதியவர்களோடு சினிமாவுக்குப் போய்விட்டேன். எவ்வளவு அற்பமான காரணம் பாருங்கள். சாயங்காலம் நீங்கள் கஞ்சித் தம்ளரைக் கழுவிக்கொண்டே கேட்டீர்கள், "போட்டியாடா?" என்று. அப்போதுதான் ஞாபகம் வந்தது. காலையில் முதல் வேலையாகப் போட்டுவிடலாம் என்று நினைத்து, "போட்டேன்" என்றேன்.

அன்று இரவே அப்பாவுக்கு மூச்சு மோசமானது. மருந்துக்கும் ரத்தத்துக்கும் ஓடினோம். உறை மறந்தே போய்விட்டது, இது சத்தியம். ஆனால் எட்டாவது நாள் நோட்டைத் திறந்தபோது அது மடியில் விழுந்தது. அதற்குப் பிறகு நடந்தது மறதி இல்லை. உங்கள் லீவு முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. கட்டிலருகே வந்து பார்த்தேன். ஸ்பூனால் அப்பாவின் வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். பட்டாளத்தில் நாலு திட்டுத் திட்டுவார்கள், அதோடு போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உறையை மறுபடி அட்டைக்குள் வைத்தேன். அப்பா போனபிறகு, உங்களை ரயில் ஏற்றிவிட்டபோதும் அந்த நோட்டு என் பையில்தான் இருந்தது. நீங்கள் ரசீது கேட்பீர்கள் என்று கடைசிவரை பயந்துகொண்டிருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை.

பெட்டியோடு நீங்கள் திரும்பி வந்த வாரம்தான் எனக்கு இந்த வேலையின் உத்தரவு வந்தது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனீர்கள். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்கக்கூடாது என்றுதான் சொல்லவில்லை என்று ரொம்ப காலம் நம்பினேன். அது கடைந்தெடுத்த பொய். உங்கள் முகம் மாறுவதைப் பார்க்கத் துணிவில்லை. வேறு ஒன்றும் இல்லை. சபையில் யாராவது தகாத வார்த்தை பேசினால், அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்வார் தலைவர். ஒரு கோடு போட்டால் போதும், அது பேசப்படவே இல்லை. அப்படித்தான் நானும் கோடு போட்டுவிட்டு முப்பத்து நாலு வருஷம் இருந்திருக்கிறேன்.

முதல் கடிதத்தில்கூட உங்களிடம் மழுப்பினேன். உண்மையைச் சொல்லாமலே உங்களைக் கையெழுத்துப் போட வைத்து, அந்த உறையை நானே சத்தமில்லாமல் மனுவில் சேர்த்துவிடலாம் என்று திட்டம். நான் விட்டுவிட்ட வாக்கியம் எது தெரியுமா? அந்தத் தலைமை ஆசிரியர் கேட்டார்: "இன்னொருத்தர் செஞ்ச தப்புக்காக வெளியே போனவர் ஒருத்தர் இருந்தா, அவருக்கு இந்தச் சபை என்ன பதில் சொல்லப் போகுது?" காதெல்லாம் அடைக்கவில்லை அண்ணா. நன்றாகவே கேட்டது.

ஆனால் அந்த அறை விஷயம் எனக்குத் தெரியாது. என் பேச்சை நம்பித்தான் நீங்கள் கை ஓங்கினீர்கள் என்று தெரியாது. மன்னிப்பு என்ற ஒரு சொல்லில் காப்பாற்றியிருக்கலாம் உங்கள் வேலையை. என் யோக்கியத்துக்காக அந்தச் சொல்லை விழுங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். அந்த மனிதர் சொன்னது சரி. உங்கள் தம்பி புளுகித்தான் இருந்தான். என் கன்னத்தில் விழ வேண்டிய அறை, நாலு தையலோடு அவர் முகத்தில் விழுந்தது. எங்கே இருக்கிறாரோ, இருக்கிறாரோ இல்லையோ. இனிமேல் அவரைத் திட்டாதீர்கள். திட்ட ஆள் நான் இருக்கிறேன்.

நேற்றுக் காலை உங்கள் கடிதத்தை வீட்டில் இவளிடம் கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். இவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். கத்தவில்லை. "நம்ம வீட்டுக்கு வர்றப்பல்லாம் உங்க தட்டைப் பார்த்துப் பார்த்து அவர் பரிமாறச் சொல்வாரே. எப்படிங்க உங்களுக்குச் சோறு இறங்குச்சு?" என்று கேட்டாள். இறங்கியது, அதுதான் வெட்கம்.

இனி நடக்கப்போவதைச் சொல்கிறேன். உறை என்னிடம் இருக்கிறது. மூன்று வீடு மாறியும் தூக்கிப் போடவில்லை. நீங்கள் ஒட்டியபடியே இருக்கிறது, உள்ளே டாக்டர் சான்று தேதியோடு இருக்கும். குழுச் செயலாளரைப் பார்த்து என் பெயரைச் சாட்சியாகக் கொடுத்துவிட்டேன். 22ஆம் தேதிக்குப் பிறகு வரும் வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, குழுவுக்கு முன்னால் அந்த உறையைப் பிரித்து, போடாதது நான்தான் என்று சொல்லப்போகிறேன். என் சாட்சியத்தை எழுதப்போவது அந்தப் புதுப் பெண். நான் பழக்கிவிட்டவள். விஷயம் தெரியாமல், "சார், கொஞ்சம் நிதானமா பேசுங்க, நீங்க பேசி நான் எழுதினதே இல்லை" என்று சிரித்தாள். குழு ஒப்புக்கொள்ளும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. கிளார்க்கை அடித்ததையும் அவர்கள் கேட்பார்கள். ஏன் அடித்தீர்கள் என்பதையும் நான் சொல்வேன். நான் எப்படி வெளியே வருவேன் என்பதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். மரியாதையோடு வர வேண்டியவர் நீங்கள்.

இதற்கெல்லாம் மனுவில் உங்கள் கையெழுத்து வேண்டும். இன்னொரு படிவம் வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தை நானே என் கையால் நிரப்பியிருக்கிறேன். என்னை மன்னிக்கச் சொல்லி இதில் எங்கேயும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். என்னோடு பேச வேண்டாம். வீட்டுப் பக்கம் வராதே என்றால் வரமாட்டேன். கையெழுத்தை மட்டும் போட்டு, 22ஆம் தேதிக்குள் வந்து சேரும்படி அண்ணியிடம் கொடுத்து அனுப்புங்கள். அடுத்த அணிவகுப்பு நாளில் நீங்கள் கிடங்கு வாசலில் நிற்கக்கூடாது. உங்கள் கால் நன்றாக மடங்கி நிமிர வேண்டும். படி ஏறும்போது சுவரைத் தேடக்கூடாது. எனக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இந்தக் கடைசி வரிகளைத் தபால் ஆபீஸில், வரிசையில் நின்றபடி, காகிதத்தைச் சுவரில் வைத்து எழுதுகிறேன். கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் ஒன்பது பேர் இருக்கிறார்கள். செயலகத்தில் மணி அடித்திருக்கும். அடிக்கட்டும். ரசீது கைக்கு வராமல் நான் இங்கிருந்து நகரமாட்டேன், அண்ணா.

தம்பி