தம்பி வீட்டுக் கதவு

ஒடீல்,

சித்தப்பா வீட்டுக்குப் போகிறேன். அந்தத் தெருவில் இன்று காலைதான் வெள்ளம் வடிந்ததாம். தேடுதல் ஆட்கள் அவர் வீட்டுக் கதவில் பெயின்டால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டு ஃபெராண்ட் சொன்னார். குறிக்குக் கீழே எழுதுவது உள்ளே இறந்து கிடந்தவர்களின் எண்ணிக்கை. "எத்தனைன்னு பாத்தியா?" என்றேன். "அத நீயே போய்ப் பாத்துக்கய்யா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குழாய்த் தண்ணீரைக் குடிக்காதே. ஃப்ரிட்ஜைத் திறக்காதே, உள்ளே எல்லாம் அழுகிவிட்டது, டேப் சுற்றியிருக்கிறேன். மத்தி மீன் டப்பா மாடியில் இருக்கிறது.

நேற்று, "உங்க கௌரவத்துக்கு நீச்சல் தெரியுமாப்பா?" என்று கேட்டாய். அப்பாவிடம் பேசுகிற பேச்சல்ல அது.

அப்பா

பி.கு.: ஹூஸ்டனிலிருந்து சித்தி கூப்பிட்டால், சித்தப்பா பிடிவாதமாகத் தங்கிவிட்டார் என்று சொல்லாதே. அப்படிச் சொல்லி வைத்தது நான். புயலுக்கு முதல் நாள் தம்பி க்ளோவிஸ் காரில் பெட்டிகளை ஏற்றிவிட்டான். "நம்ம குடும்பத்துல எவனும் நியூ ஆர்லியன்ஸ விட்டு ஓடுனதில்லடா" என்றேன். எல்லாவற்றையும் இறக்கி வைத்தான்.

கதவில் இருக்கும் எண் எதுவாக இருந்தாலும் சித்தியிடம் இதைச் சொல்லிவிடு. திரும்பி வந்த பிறகு எனக்கு வாய் வராது.